பத்தியத்தில் மிச்சமிருந்த பதினோரு நாள்

மின்விசிறிக் காற்றுக்கு ஒரு மனிதன் பயப்படுவதை நான் ஒரே ஒரு முறைதான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மருத்துவச் சமூகப் பணியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னபோது, முப்பது வருடத்தில் நடந்த நல்ல விஷயங்கள் பலவும் நினைவுக்கு வந்தன. ஆனாலும் இதைத்தான் சொல்லத் தோன்றியது. நான் செய்த பிழை ஒன்று இதில் இருக்கிறது. அதே பிழையை நீங்களும் செய்யக்கூடும். நம் வேலையில் அது அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிடும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஏழுமலை, புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவக் கிராமத்துக்காரர். நாற்பது வயதுகூட இருக்காது. தொண்டை வலிக்கிறது, தண்ணீர் இறங்கவில்லை என்று சொல்லி ஒரு நாள் காலையில் அவர் மனைவி செல்வியும் அவருடைய தம்பியும் ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். நகரத்தில் இருக்கும் நம் மருத்துவமனை அப்போது சிறியது. புறநோயாளிகள் பிரிவில் வெயில் காலக் கூட்டம். ஏழுமலை உட்கார்ந்த இடத்துக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கழுத்தைச் சுருக்கி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "அத நிறுத்தச் சொல்லுங்க" என்று கெஞ்சினார்.

டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசையில் இருந்த அட்டையை எடுத்து அவர் முகத்துக்கு எதிரே ஒரு தரம் லேசாக விசிறினார். ஏழுமலையின் தொண்டை இழுத்துக்கொண்டது. மூச்சு நின்று, கண்கள் அகல விரிந்து, பிறகுதான் காற்று உள்ளே போனது. டாக்டர் அட்டையைக் கீழே வைத்தார்.

"நாய் எதுவும் கடிச்சுதா?"

"கடிச்சுது சார்," என்றாள் செல்வி. "ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. அதுக்குதான் மருந்து குடுத்துட்டோமே."

"ஊசியா?"

"வேர் மருந்து சார். நாப்பத்தெட்டு நாள் பத்தியம்."

டாக்டர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார். இனிமேல் எந்த மருந்தும் இல்லை. இரண்டு நாள், மிஞ்சினால் நான்கு. அமைதியான இருட்டறையில் படுக்க வைத்து, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். குடும்பத்துக்குச் சொல்வது என் வேலை.

நான் செல்வியைப் படிக்கட்டுக்குக் கீழே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நாய்க்கடிக்கு ஊசி போடுங்கள் என்று பேசியிருந்தேன். அந்த ஆத்திரமெல்லாம் இவள் மேல் இறங்கியது.

"வேரை அரைச்சுக் குடிச்சா வெறிநாய்க்கடி போயிடுமா? அன்னைக்கே இங்க வந்திருந்தா இவரு இன்னைக்குக் கடலுக்குப் போயிட்டு வந்திருப்பாரு. அந்த ஆள்கிட்ட யார் கூட்டிட்டுப் போனது?"

"நான்தான் மேடம்."

அதன் பிறகு அவள் அழவில்லை. படிவத்தில் ஒரு கேள்வி உண்டு, கேட்டேன்: "அந்த நாய் வேற யாரையாவது கடிச்சுதா?" அவள் தரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். "இல்ல மேடம்" என்றாள். நானும் இல்லை என்று எழுதிக்கொண்டேன். குற்றம் சாட்டிய வாயாலேயே கேள்வி கேட்டால் உண்மையான பதில் வராது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இந்த நோயில் கொடுமை என்னவென்றால், இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவில் நோயாளி தெளிவாக இருப்பார். உங்களையும் என்னையும் போலப் பேசுவார். ஏழுமலை என்னிடம் கேட்டார்: "எனக்கு இன்னா ஆவுது மேடம்? கடல்ல பொறந்து வளந்தவன், ஒரு கிளாஸ் தண்ணிக்குப் பயப்படுறேன்." நான், நாக்கு வறண்டிருக்கிறதே என்று டம்ளரை மெதுவாக அவர் பக்கம் நீட்டினேன். முட்டாள்தனம். தண்ணீரைக் கண்டதும் உடம்பு வில்லாக வளைந்தது. டம்ளர் பறந்தது. அவர் வாயிலிருந்த எச்சிலும் தண்ணீரும் சேர்ந்து என் முகத்தில், கண்ணில் தெறித்தன. செவிலியர் என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போய்க் கண்ணைக் கழுவினார். அன்றைக்கே எனக்கு முதல் ஊசி போட்டார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் ஏழுமலை இறந்துபோனார்.

உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய தம்பி என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், புள்ளைக்கும் இப்படி ஆயிடுமா?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"திவ்யாவுக்கு. அண்ணன் மவ. அவள கடிக்க வந்த நாயத்தான் அண்ணன் வெரட்டப் போனாரு. அவளுக்கும் கெண்டைக்கால்ல பல்லு பட்டுச்சு. அண்ணி சொல்ல வேணாம்னாங்க."

திவ்யாவுக்கு ஒன்பது வயது. அவளும் அதே வேர் மருந்தைக் குடித்துவிட்டுப் பத்தியத்தில் இருந்தாள். கடித்து முப்பத்தேழு நாள் ஆகியிருந்தது. நோய் இன்னும் தலை காட்டாததால் ஊசிக்கு இடமிருந்தது. நாளைக்கும் இடமிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. தலை காட்டிவிட்டால் அப்புறம் அந்த இருட்டறைதான்.

மறுநாள் காலை அந்த ஊர்ச் செவிலியரைக் கூட்டிக்கொண்டு போனேன். துக்க வீட்டுப் பந்தல் அப்படியே இருந்தது. செல்வி கதவைப் பாதி திறந்து நின்றாள். அவள் இடுப்புக்குப் பக்கத்தில் பிள்ளையின் முகம் தெரிந்தது.

"இன்னும் பதினோரு நாளுதான் மேடம் இருக்கு. நடுவுல ஊசி போட்டா பத்தியம் முறிஞ்சிடும். பதினோரு நாள் கழிச்சி நானே இட்டாறேன்."

"அதுவரைக்கும் தாங்காதுன்னா?"

"தாங்கும்."

நான் மறுபடியும் தப்புச் செய்தேன். போலீஸ், குழந்தைகள் நலக்குழு என்று பேசினேன். கதவு மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். யாரும் திட்டவில்லை, போகச் சொல்லி வழியைக் காட்டினார்கள். செவிலியர் பேருந்தில் மெல்லிய குரலில் சொன்னார்: "மேடம், அவங்க அம்மா வீடு மரக்காணம் பக்கம். எல்லையத் தாண்டினா தமிழ்நாடு. புள்ளையத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டாங்கன்னா நாம எங்க போயி தேடுறது?"

நான் மிரட்டியதாலேயே அவள் ஓடிப்போகலாம்.

அன்று மாலை எனக்கு வேறொரு வேலை இருந்தது. எலோடி என்று ஒரு பிரெஞ்சுப் பெண், முப்பது வயதுக்காரி. மேரி என்று நாம் சொல்கிற பழைய நகராட்சிக் கட்டடத்துக்குப் பின்தெருவில் அறை எடுத்துத் தங்கி, எந்த நோய்க்கு யாரிடம் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் பதிவு செய்த பேச்சுகளைப் புரிய வைப்பதற்காக வாரம் ஒருமுறை போவேன். அன்றைக்கு வேலை ஓடவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

எலோடி புத்தகத் தமிழில்தான் பேசுவாள். "எங்கள் நாட்டில் கிழக்குப் பக்கம், பழைய காலத்தில், நாய் கடித்தவர்களை ஒரு தேவாலயத்துக்கு அழைத்துப் போவார்கள். இரும்புச் சாவியைச் சுட்டுக் காயத்தில் வைப்பார்கள். ஒன்பது நாள் இதைச் சாப்பிடு, அதைச் சாப்பிடாதே என்று பத்தியம் உண்டு. உங்களுடையதைப் போலவே."

"அதெல்லாம் பழைய காலம்."

"இப்போதும் தீக்காயம் பட்டால் சிலர் ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். அவர் தன் வீட்டில் இருந்தபடியே ஏதோ முணுமுணுப்பார். எரிச்சல் போய்விடும் என்கிறார்கள். சில மருத்துவமனைகளில் செவிலியர்களே அவருடைய எண்ணைக் கொடுக்கிறார்கள்."

"டாக்டருங்க விடுறாங்களா?"

"அவர் புண்ணைத் தொடுவதில்லை. டாக்டர்கள் மருந்து போடுவதை நிறுத்துவதும் இல்லை."

எனக்குக் கோபம் வந்தது. இது தீக்காயம் இல்லை, அந்தக் குழந்தை செத்துவிடும் என்றேன். அவள் பதிவுக் கருவியை அணைத்துவிட்டு, "அந்த அம்மாவிடம் நீங்கள் என்ன கேட்டீர்கள்?" என்றாள்.

"ஊசி போடச் சொன்னேன்."

"அது கேள்வி இல்லையே" என்றாள்.

என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவள். அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

மறுநாள் காலை தனியாகப் போனேன். கைப்பையில் எந்தப் படிவமும் இல்லை. வீடு பூட்டியிருக்குமோ என்று பயந்துகொண்டே அந்தச் சந்தில் நடந்தேன். பூட்டவில்லை. செல்வி வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நானும் மணலில் உட்கார்ந்தேன். ஊசியைப் பற்றிப் பேச வரவில்லை என்று சொல்லிவிட்டு, பிள்ளை உள்ளே போனதும் கேட்டேன்: "பத்தியம் முறிஞ்சா என்ன ஆகும்னு பயப்படுற?"

அவள் சீப்பில் சிக்கிய முடியை உருவியபடி சொன்னாள்.

"அவரு கேட்டாரு மேடம். இருபது நாளா வெறும் கஞ்சியும் பருப்புமா நாக்கு செத்துப்போச்சுடின்னாரு. ஒரே ஒரு நாளு கருவாட்டுக் கொழம்பு வெச்சேன். ரெண்டு தடவ போட்டு சாப்ட்டாரு. நான்தான் போட்டேன். புள்ளைக்குப் போடல. அதான் புள்ளை நல்லாகீது. அவரு பூட்டாரு."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஊர்க் கணக்குப்படி கருவாட்டைப் பரிமாறி அவள் புருஷனைக் கொன்றாள். என் கணக்குப்படி வேர் மருந்துக்காரரிடம் கூட்டிப்போய்க் கொன்றாள். இரண்டில் எதை நம்பினாலும் குற்றவாளி அவள்தான். ஊரின் கணக்கிலாவது பிள்ளையைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது: பத்தியத்தை ஒழுங்காக முடிப்பது. நான் அவளுக்கு அதையும் விட்டுவைக்கவில்லை.

கருவாட்டால் அவர் சாகவில்லை என்று நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். சொல்ல வேண்டியவர் வேறொருவர்.

மருத்துவமனைக்குப் போன் செய்து, வேர் மருந்துக்காரரையே பார்க்கப் போகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "வேர் குடுக்கிறவன்கிட்ட நீங்க போய் நின்னா, நாளைக்கு ஆஸ்பத்திரியே என்கிட்ட அனுப்புதுன்னு சொல்லுவான். அதை நம்பிச் சாகறவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"இந்தக் குழந்தைக்கு யார் பதில் சொல்றது டாக்டர்?"

"ஊசி எடுத்து வைக்கச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டார். அவர் சொன்னது தப்பில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேர் மருந்துக்காரர் பெயர் தட்சிணாமூர்த்தி. சடைமுடியும் உருத்திராட்சமுமாக ஒருவரை நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவர் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இயந்திரம் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வீட்டில் மருந்து கொடுப்பார், காசு வாங்கமாட்டார். காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்குக் கம்பெனி வாசலில் சீருடையோடு வந்தவரிடம் நான் யாரென்று சொன்னேன். கையிலிருந்த சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏழுமலை விஷயமா? கேள்விப்பட்டேன். போலீஸ் வருமா மேடம்?"

"நான் போலீஸ் கூட்டிட்டு வரல."

"எங்கப்பா குடுத்தாரு, நான் குடுக்கறேன். இதுக்கு முன்னாடி ஒருத்தரும் சாவல. சத்தியமா."

கடிக்கிற நாய்கள் எல்லாம் வெறிநாய்கள் இல்லை, அதனால்தான் சாகவில்லை என்ற பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். "உங்க பிள்ளையை நாய் கடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் சாலையைப் பார்த்தார். தேநீர்க் கடையில் அவருடைய கூட்டாளிகள் நின்றிருந்தார்கள். என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார்.

"போன வருஷம் என் பையன கடிச்சுது. வேரும் குடுத்தேன். கம்பெனி கார்டுல ஆஸ்பத்திரிக்கு இட்டும்போயி ஊசியும் போட்டேன். எல்லா ஊசியும்."

"யாருக்கும் சொல்லலையா?"

"எப்படி மேடம் சொல்றது? எனக்கே நம்பிக்கை இல்லன்னு ஆயிடும். நம்பிக்கை இல்லாம குடிச்சா வேர் கேக்காது." சாப்பாட்டுப் பையைக் கை மாற்றிக்கொண்டார். "அந்தாளு சாவறதுக்கு முன்னாடி என்னப் பத்தி எதனா சொன்னாரா?"

"இல்லை" என்றேன். அது உண்மைதான்.

செல்வியிடம் வந்து இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். முதலில் முடியாது என்றார். ஊரில் அடிப்பார்கள் என்று பயந்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, அதை மறைக்கவில்லை. கடைசியில் என் ஆட்டோவுக்குப் பின்னால் தன் வண்டியில் வந்தார்.

மாலை நாலு மணி இருக்கும். செல்வி அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, ஏழுமல செத்தது கருவாட்டால இல்லம்மா."

"அப்ப எதால?"

"நாயால. அந்த நாய்க்கு வெறி. அதுக்கு என் வேர் பத்தல. பாப்பாவுக்கு ஊசி போட்டுடும்மா. என் பையனுக்கும் நான் ஊசி போட்டேன்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உன் புள்ளைக்கு மட்டும் ஊசியா அண்ணே?"

அவ்வளவுதான் கேட்டாள். அவர் மேல் யாராவது கை வைத்துவிடுவார்களோ என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். யாரும் வைக்கவில்லை. செல்வி உள்ளே போனாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் என் ஆட்டோவில் ஏறினாள். வண்டி கிளம்பும் நேரத்தில் தலையை வெளியே நீட்டி அவரைக் கேட்டாள்.

"ஊசி போட்டா பத்தியம் முறியுமா, முறியாதா? அதச் சொல்லிட்டுப் போ."

"முறியாதும்மா. ஊசியும் பத்தியத்துல சேத்திதான். மிச்ச நாளையும் முடிச்சிடு."

ஒரு மருத்துவமனை ஊழியராக நான் அங்கே அதை மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. திவ்யா ஊசிக்கு அழுதாள். செல்வி அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊசி போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன் என நினைக்காதீர்கள். அவ்வளவு தாமதமாகப் போட்ட ஊசி முந்துமா, நோய் முந்துமா என்பது மாதக் கணக்கில் தெரியாது. தொலைபேசி அடித்தாலே அந்த ஊர்ச் செவிலியராக இருக்குமோ என்று எடுக்கத் தயங்குவேன். என் பயமும் ஒரு பக்கம். நான் எல்லா ஊசியும் சரியான நாளில் போட்டுக்கொண்டவள். புத்தகப்படி எனக்கு ஒன்றும் வராது. ஆனாலும் தினம் காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். தொண்டையில் இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த நாற்பத்தெட்டு நாளும் நான் கருவாடு தொடவில்லை. வீட்டில் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். எனக்கு அந்த வேரிலும் பத்தியத்திலும் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் காத்திருக்கும்போது, நம்மால் செய்ய முடிந்தது ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. ஊசி போட்டபின் ஆஸ்பத்திரி நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அந்த நாட்களை எப்படிக் கடப்பது என்று நாங்கள் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

திவ்யாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். செல்வி என்னை மன்னித்தாளா என்று தெரியாது. சந்தையில் பார்த்தால் நின்று நாலு வார்த்தை பேசுவாள், சிரித்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. அடுத்த வருடம் டாக்டர் சொன்னது நடந்தது. தட்சிணாமூர்த்தி அதற்குள் வேரும் கொடுத்து, ஊசிக்கும் போகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து வேர் குடித்திருக்கிறார். ஊசிக்குப் போகச் சொன்னதற்குச் சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து இறந்துபோனார். தட்சிணாமூர்த்தி எனக்குப் போன் செய்து அழுதார். "ஆஸ்பத்திரிக்காரங்களே என் வூட்டுக்கு வந்து போறாங்கன்னு யாரோ சொல்லித்தான் எங்கிட்ட வந்தாராம் மேடம். நான் இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அந்த மனிதரின் முகம் எனக்குத் தெரியாது. தெரியாமலே பலமுறை கனவில் வந்திருக்கிறார்.

வேர் கொடுப்பது நின்றதில் முதலில் எனக்கு நிம்மதி. பிறகு, கடிபட்டு மிகத் தாமதமாக வருபவர்களிடம் விசாரித்தால், வேறு ஊரில் வேறொருவர் பெயரைச் சொன்னார்கள். அவர் ஊசி போட்டால் மருந்து விஷமாகிவிடும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுப்பாராம். பயந்தவர்கள் எங்கேயாவது போகத்தானே செய்வார்கள்? தட்சிணாமூர்த்தியிடம் போனவர்களில் பெரும்பாலோர் எங்களிடம் வந்துகொண்டிருந்தார்கள். இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது.

மேட்டுப்பாளையம் கம்பெனி வாசலில் மறுபடியும் போய் நின்றேன். வெறிநாய்க்கடிக்கு வேர் மருந்து வேண்டாம் என்று ஊர் ஊராகப் பேசியவள், "மறுபடியும் குடுங்க" என்று அவரிடம் கேட்டேன். என் பணிக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. டாக்டரிடம் முன்கூட்டியே சொன்னேன். அவர் சம்மதம் என்றும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை.

தட்சிணாமூர்த்தி இரண்டு நாள் யோசித்தார். "குடுக்கறேன்," என்றார். "ஆனா முதல் ஊசி போட்ட சீட்டக் காட்டினாத்தான் வேர். சீட்டு இல்லாம வந்தா உங்ககிட்டதான் அனுப்புவேன். அனுப்பிட்டு உங்களுக்குப் போன் பண்ணுவேன். வரலன்னா நீங்க எனக்குப் பண்ணணும். நான் வூடு தேடிப் போறேன்."

அப்படித்தான் நடந்தது. எத்தனை போன் என்று நான் எண்ணவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று காலையிலும் ஒன்று வந்தது. "மேடம், ஒருத்தர அனுப்பியிருக்கேன். கையில கடி. நீலச் சட்டை. வந்தாரா பாருங்க." இன்றோடு எனக்கு வேலை முடிகிறது என்றேன். "அப்ப இனிமே நான் யாருக்குப் பண்றது?" என்றார். இந்தப் பிரிவின் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் இன்னும் கூப்பிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். இனி எடுக்கப்போவது உங்களில் ஒருவர். வேரைப் பற்றி அவரிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் வாசலுக்குப் போய், அவர் சொன்ன ஆள் வந்துவிட்டாரா என்று பாருங்கள்.